ஏட்டுச் சுவடியும் ஈய எழுத்தும்

நம் தோத்திர நூல்களையும் சாத்திர நூல்களையும் இந்நாளில் ஓதுவார் பலரும் அச்சிட்ட புத்தகங்களின் வாயிலாகவே ஓதுகின்றனர். பனையோலைச் சுவடியை அவிழ்த்து நேரே படிக்க வல்லார் மிகச் சிலர். பாட வேறுபாடு தோன்றிய இடத்து, ‘ஏடெழுதினோன் பிழை’ என்று ஒரு சொல்லிற் கூறி அமைவது நம்மவர் வழக்கம். ஏட்டுக்கும் நமக்கும் இடையே நின்ற அச்செழுத்து வெட்டினோரையும், அதனை வார்த்தோரையும், கோத்தோரையும் நினைப்பார் இலர். அவர்தம் கருவிகள் நூலின் பொருளிலும் கை வைத்தன என்பதனைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஏட்டின் இயல்பை உணர்தல் வேண்டும். எழுத்தாணியால் ஓலையிற் கீறுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுதல் அரிது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி பெறுதலை இலக்கணமாகத் தொல்காப்பியர் விதித்திருப்பவும், ஏடெழுதுவோர் அதனைக் கைவிட்டனர். ஆதலிற் குறிலும் நெடிலும் ஒரே கொம்பினால் எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவின. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. அடி முடிந்த இடத்தும் புது வரி தொடங்குவதில்லை. ஓலை முடியும் வரை எழுத்துத் தொடர்ந்து செல்லும்.

இதனால் விளையும் ஐயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஏட்டிலே ‘மெய’ என்று இரண்டெழுத்துக் காணப்படின், அது உண்மையையும் உடம்பையும் உணர்த்தும் ‘மெய்’ ஆகலாம். ஒரு தலத்தில் எழுந்தருளியிருத்தலை உணர்த்தும் ‘மேய’ ஆகலாம். பதிகங்களில் ‘மேய’ என்பது பயின்று வரும் சொல் என்பது அன்பர் அறிவர். செய்யுளாயின் யாப்புத் துணை செய்யும்: ‘மெய்’ தனித்து ஒரு நேரசை, ‘மேய’ நேர்நேர் ஆகித் தேமாச் சீராம். சீரும் தளையும் ஐயத்தை நீக்கிவிடும். உரைநடையாக எழுதப்பட்ட சாத்திர உரைகளுக்கோ அத்துணையும் இல்லை. உரையேட்டைப் பதிப்பித்தோர் பொருள் ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு புள்ளியிட்டனர். அதனால் மூலத்தினும் உரையே பதிப்பித்தற்கு அரியது எனல் மிகையன்று.

நிற்க. தமிழ் அச்சின் தோற்றத்தைச் சுருங்கக் கூறி மேற்செல்வாம். 1554-இல் லிஸ்பன் நகரில் வெளிவந்த தமிழ் நூல் உரோமானிய எழுத்தால் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்தாலேயே அச்சான முதல் நூல், அண்ட்ரிக்கி பாதிரியார் கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. 16 பக்கமே உடையது. அதன் எழுத்துக்கள் புள்ளியில்லா ஏட்டெழுத்தை அப்படியே ஈயத்திற் பெயர்த்தன. ஏட்டின் குறையைக் களையும் எண்ணம் அக்காலத்து அச்சருக்குத் தோன்றவில்லை. தாம் கண்ட எழுத்தே எழுத்தென்று கொண்டனர். அதனிற் குற்றம் கூறுதற்கும் இடமில்லை. படிப்போர் பழகியதும் அதுவே.

1713-இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனி தேசத்து ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை மிகப் பெரியன, காகிதத்தை விழுங்குவன. காகிதமோ கடல் கடந்து வருதல் வேண்டும். ஆகவே சீகன்பால்குவின் உடனிருந்த ஆட்லர் என்பார் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்; காகித ஆலையும் அங்கே எழுந்தது. எழுத்தின் உருவம் சிறுத்தது அழகு கருதியன்று, காகிதச் செலவு கருதி என்பது ஈண்டு நோக்கற்பாலது. பின்னரும் அச்செழுத்தின் மாறுதல்கள் பலவற்றுக்கு முதற் காரணம் இத்தகைய சிக்கனமே.

குறில் நெடில் மயக்கத்தை நீக்கக் கொம்பின் தலையைச் சுழித்து ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தியவர் வீரமாமுனிவர் என்பர். அவர் 1747-இல் மறைந்தார். அம்மாற்றம் அச்சிற் பரவி ஏட்டிலும் படிப்படியாகப் புகுந்தது. நாம் ஓதும் திருமுறைப் புத்தகங்கள் யாவும் இவர் வகுத்த கொம்பினாலேயே அச்சிடப்பட்டுள்ளன. இது நினைக்குந்தோறும் வியப்பைத் தருவது.

இனி அச்செழுத்தின் செய்முறையைக் கூறுவாம். எஃகுக் கோலின் முனையில் எழுத்தை இடவல மாறாகச் செதுக்குவர். அதனைச் செப்புத் துண்டில் அறைந்து குழிவு உண்டாக்குவர். அக்குழிவின்மேல் அச்சுக்கூடு பொருத்தி ஈயமும் வெள்ளீயமும் அஞ்சனமும் கலந்த உருக்கை வார்ப்பர். வார்த்த எழுத்துக்களைக் கேஸ் என்று அச்சுக்கூடத்தார் வழங்கும், அறைகள் வகுத்த பெட்டியில் இட்டு வைப்பர். தமிழுக்கு எழுத்து 247 எனினும், பெட்டிக்கு வேண்டும் உருவம் அத்துணை இல்லை. பதினெட்டு மெய்களுக்கும் அகரமேறியது, புள்ளி பெற்றது, இகர ஈகார உகர ஊகாரம் ஏறியன என ஆறாறு உருவங்கள் வைப்பின் 108, உயிர் 11, ஔகாரம் ஒகரமும் ளகரமும் கூடி அமைதலின், ஆய்தம் ஒன்று, கால் ஒன்றும் கொம்பும் இரட்டைச் சுழிக்கொம்பும் ஐகாரக் கொம்பும் ஆக நான்கு, பழைய வடிவில் ணா, றா, னா என்பனவும் ணை, லை, ளை, னை என்பனவும் தனி உருவமாதலின் ஏழு, ஆக 131. இவற்றின்மேல் கிரந்த எழுத்துக்களும் எண்களும் நிறுத்தற்குறிகளும் உள. ஆங்கிலத்துக்கு வேண்டும் அறைகளினும் இவை மிகப் பல ஆதலின், தமிழ் அச்சுக்கோப்போன் கை நெடுந்தொலைவு நடந்தது.

ஈயம் விலையுயர்ந்தது, எழுத்துத் தொகை அளவானது. ஆகவே ஒரு நூல் முழுவதையும் கோத்து வைத்தல் சிறிய அச்சுக்கூடத்துக்கு இயலாது. ஒரு பாரம் எட்டு அல்லது பதினாறு பக்கம் கோத்து, பிழை பார்த்து, அச்சிட்டு, எழுத்துக்களைக் கலைத்துப் பெட்டியில் இட்ட பின்னரே அடுத்த பாரம் தொடங்கும். இருபதாம் பாரம் அச்சாகும்பொழுது பதிப்பாசிரியர்க்கு வேறோர் ஏடு கிடைத்து நல்ல பாடம் தெரிந்தால், முதற் பாரத்தைத் திருத்த வழியில்லை. எழுத்துக் கலைந்து போயிற்று. பழம்பதிப்புக்களின் இறுதியில் நீண்டு கிடக்கும் பிழைதிருத்தப் பட்டியலை நம்மவர் ஆசிரியரின் கவனக்குறைவுக்குச் சான்றாகக் காட்டுவர். அது பெரும்பாலும் ஈயத்தின் வறுமைக்குச் சான்று. அப்பட்டியலில் நூலினும் நல்ல பாடம் ஒளிந்திருத்தலும் உண்டு. மறுபதிப்புச் செய்வோர் அதனை நோக்காது முதற்பக்கங்களை அப்படியே பெயர்த்து எழுதுதலே கவனக்குறைவாம்.

1835-இல் மெட்காபு துரை அச்சுக்கூடங்களின்மீதிருந்த தடைகளை நீக்கியபின் நம் நாட்டார் அச்சுத்தொழிலில் மிகுதியாகப் புகுந்தனர். இவ்விடத்து ஆறுமுக நாவலரை நினையாமற் செல்லல் ஆகாது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராய் இருந்து, பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர். ஒரே வடிவிற் பல படிகள் நாடெங்கும் செல்லும் ஆற்றல் யாது என்பதனை அப்பணியிற் கண்ணாரக் கண்டார். 1849-இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு சென்னைக்குச் சென்றதன் நோக்கம் அச்சியந்திரம் வாங்குதல். வழியில் திருவாவடுதுறையில் ‘நாவலர்’ என்னும் பட்டம் பெற்றார். சென்னையில் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டுக்கொண்டு ஊர் திரும்பி, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடமும், 1852-இல் பெரியபுராண வசனமும் அவரால் வெளிவந்தன.

யாம் போற்றுவது நாவலர் எவ்வளவு அச்சிட்டார் என்பதையன்று, எங்ஙனம் அச்சிட்டார் என்பதையே. அவர் அச்சைப் பிறர் கையில் ஒப்புவித்து முகவுரை மட்டும் எழுதியவர் அல்லர். ஏடுகளை ஒத்துப் பார்த்தார். மூலத்தையும் உரையையும் கண் மயங்காவண்ணம் பிரித்து நிறுத்தினார். காற்புள்ளி முதலிய நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காக ஆண்டார். மிஷனரிமாரின் கருவியை எடுத்து அவர்தம் கண்டனங்களுக்கே விடை கூறினார் என்று பலரும் எழுதுவர், அது மெய்யே. ஆயின் அக்குறிகள் செய்த பணி அதனினும் பெரிது. குரு பக்கத்திலிருந்து ஓசையாற் பிரித்துக் காட்டிய பொருளைக் குரு இல்லாத இடத்தும் காட்ட அவை முயன்றன.

இம்முயற்சியில் ஓர் இடரும் உண்டு. இடைவெளி இடுதலே ஓர் உரை. ஏட்டிலே ‘மாயாமலம்’ என்று தொடர்ந்து நின்றால் படிப்போன் தானே ஆராய்தல் வேண்டும். அச்சிலே அதனைச் சேர்த்துக் கோப்பின் மாயையாகிய மலம் என்றே கொள்வர். ‘மாயா மலம்’ எனப் பிரித்துக் கோப்பின், அழியாத மலம் என்னும் பொருளுக்கு இடம் உண்டாகி ஆணவத்தைக் குறித்ததாக முடியும். ஆணவம் நித்தப்பொருள், அதன் சத்தியே மடங்குவது என்பது நம் சாத்திரத் துணிபாதலின், அப்பொருளும் ஏலாததன்று. இரண்டு மலங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, அச்சுக்கோப்போன் இடும் ஒரு சிறு ஈயத் துண்டில் அடங்கிவிடுகின்றது! அத்துண்டுக்கு மை படுவதில்லை. காகிதத்தில் வெறுமையாகத் தோன்றும். இவ்வெடுத்துக்காட்டு யாம் அமைத்துக்கொண்டதே. ஆயினும் இதனை ஒத்த இடங்கள் சாத்திரப் பதிப்புக்களை ஒப்பு நோக்குவார்க்குப் புலனாம்.

எழுத்தின் வனப்பை உயர்த்தியவருள் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்து ஹண்ட் துரை தலைசிறந்தவர். 67,000-க்கு மேற்பட்ட சொற்களை உடைய விஞ்சுலோ அகராதி 1862-இல் அவர் அச்சிட்டது. மெல்லிய கோடும் தடித்த கோடும் அளவறிந்து கூடிய சிறிய எழுத்து அது. இன்று எடுத்துப் படிப்பினும் கண்ணுக்கு நோவு தாராது. அக்காலத்து ஏனைய அச்சுக்கூடத்தார் தலைப்புப் பக்கத்தைப் பூக்கரையாலும் ஐந்தாறு வகை எழுத்தாலும் நிரப்பி, ஆசிரியர் பெயரினும் அச்சுக்கூடத்தின் பெயரைப் பெரிதாக்கி மகிழ்ந்தனர். அவ்வணிகள் யாவும் பழமையாயின. ஹண்ட் துரையின் எழுத்தோ பழமை எய்தவில்லை.

பின்னர் வந்த மாறுதல்களுள் ஒன்று நம் கண்முன்னே நிகழ்ந்தது. 1935-இல் பெரியார் ஈ. வெ. ரா. குடியரசு இதழில் ஆளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தை, 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்று ஆணை பிறப்பித்தது. மாறியன 13 எழுத்துக்கள். மேலே யாம் எண்ணிய பெட்டியில் ஏழு உருவங்களே குறைந்தன. ணா, றா, னா என்பவற்றின் முன் கொம்பிட்டே ணொ, ணோ முதலியன கோக்கப்பட்டமையின். இம்மாற்றத்தைச் சமய வேறுபாட்டோடு கலந்து வெறுத்தாரும் நம்மவருள் இருந்தனர். எழுத்து நூலின் உடம்பேயன்றி உயிரன்று. ஓலையிலிருந்து ஈயத்துக்கு மாறியபொழுது கெடாதது இதனாற் கெடும் என்றல் பொருந்தாது. ஆயினும் பழைய ணையையும் னையையும் அறியாத இளைஞர், தம் பாட்டனார் ஓதிய புத்தகத்தை எடுத்து வரிதோறும் இடறுகின்றனர் என்பதும் உண்மை. பாடசாலைகளில் அவ்வேழு உருவங்களையும் ஒரு நாட்பொழுதிற் கற்பித்துவிடலாம்.

இன்று ஈயம் ஒழிந்தது. எழுத்துக் கணினியில் எண்ணாகி நிற்கின்றது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டது, கிரந்தத்துக்கு 2014-இல். இம்முறையில் அகரமேறிய ககரமே முதற்பொருள்; அதன்மேற் புள்ளியைக் கூட்டினால் அகரம் நீங்கி மெய்யாகும். இலக்கணத்தாரோ மெய்யை முன்வைத்து அதன்மேல் உயிர் ஊர்ந்தது என்பர். திருவருட்பயன் அகரவுயிரை உவமையாக வைத்தே தொடங்குவதனை அறிந்தவர், எல்லா எழுத்தினும் அகரத்தை முன்னரே உள்ளிருக்க வைத்த இவ்வமைப்பைக் கண்டு முறுவலிப்பர். அதனை வகுத்தோர் அது கருதி வகுத்தாரல்லர்.

பழம்பதிப்புக்களைப் படம்பிடித்து, கணினியைக் கொண்டே எழுத்தறிந்து மின்பதிப்பாக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. மதுரைத் திட்டம் போன்றவை 1998 முதல் அன்பர் பலர் கையால் தட்டெழுதியும் படித்துத் திருத்தியும் செய்துவரும் பணி பாராட்டற்குரியது. இயந்திரம் தானே படித்த கோப்புக்களிலோ ஓர் இடர் மறுபடியும் தலைகாட்டுகின்றது. அண்மையில் யாம் நோக்கிய உரைநூல் ஒன்றன் மின்கோப்பில், காலும் ரகரமும் மயங்கி, ‘காரணம்’ என்பது ஆறிடத்தில் ‘கரரணம்’ என நின்றது. அவ்விடங்களைத் திருத்துதல் எளிது, அங்ஙனம் ஒரு சொல் இன்மையின். ‘பாவம்’ என்பது ‘பரவம்’ என்றிருப்பினும் அங்ஙனமே. ‘பாவை’ என்பது ‘பரவை’ என்று நின்ற ஓரிடத்திலோ, இரண்டும் சொல்லாகிப் பொருளும் ஒருவாறு இயைந்தமையின், அச்சுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதுவும் தெளிவின்றி இருப்ப, இறுதியில் ஏட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஏட்டில் அவ்விரண்டு எழுத்துக்கும் வடிவம் ஒன்றே.