குவியலின் அடியைக் காட்டும் வணிகம்

விற்பனையில் வெற்றி பெற நாவன்மை ஒன்றே போதும் என எண்ணுவோர் பலர். சேர்வராயன் மலையின் காப்பி வரலாறு நமக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது.

கரடியூரை உள்ளடக்கிய இம்மலையில் 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், காப்பிப் பயிர் வேரூன்றியது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பி வாரியமே விளைச்சலைத் திரட்டி விற்றுவந்ததால், வாங்குவோரைத் தேடும் தேவை தோட்டக்காரருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை. 1990களில் அம்முறை படிப்படியாகத் தளர்ந்தது. 1996இல் எல்லோருக்கும் முழு விற்பனை உரிமை கிட்டியது. பயிரிட்டவரே விற்பனையாளருமானார்.

உரிமையோடு சோதனையும் வந்தது. காப்பிக்கொட்டையை ஈரம் ஏறத்தாழ 10, 11 சதவீதமாகக் குறையும்வரை உலர்த்த வேண்டும். அரைகுறையாக உலர்ந்தது எடையைக் கூட்டிக் காட்டும். பின்னர் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். எடையில் இன்று வரும் இலாபம், நாளை வாடிக்கையாளரை இழக்கச் செய்யும்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என வினவினார்கள் அண்ணலார். குறை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்களும் வாங்கியவருக்கு வழங்கியுள்ளன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலையைப் பட்டினப்பாலையும் போற்றுகிறது.

பொருளின் தன்மையை அறிதல், குறையை முன்னதாகச் சொல்லுதல், வாக்குத் தவறாமை: விற்பவரின் முதல் இவையே. கடையில் அமர்த்தும் பிள்ளைக்குத் தராசு பிடிக்கக் கற்பிக்கிறோம். குவியலின் அடியைக் காட்டவும் கற்பிப்போமாக!