நூலுக்குத்தான் முதல் குளிர்

போன மாசம் தூத்துக்குடி வீட்டுல டக்ட் ஏசி மாட்டினோம் மக்களே. மெஷின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல. காத்து டக்ட் வழியா மூணு ரூமுக்கும் போகும். மெக்கானிக் அண்ணன் சொன்னது ரெண்டு: தண்ணி போற பைப்புக்குச் சரிவு வேணும், கடல்காத்து உப்பு வெளிய இருக்குற யூனிட்டை அரிச்சிடும், அடிக்கடி கழுவணும்.

நூற்பாலையில வேலை பார்த்த தாத்தா அண்ணாந்து பார்த்தார். "ஏலே, எங்க மில்லுலயும் இப்படித்தாம்ல குழாய் போகும். நூலுக்கு ஈரக்காத்து."

சிரிச்சேன். தேடிப் பார்த்தா, வரலாறு தாத்தா பக்கம்! 1902ல் புரூக்ளின்ல வில்லிஸ் கேரியர் வடிவமைச்ச ஏசி ஒரு அச்சகத்துக்கு. ஈரப்பதம் மாறினா காகிதம் விரியும், சுருங்கும், கலர் பொருந்தாது. 1906ல் 'ஏர் கண்டிஷனிங்'னு பேர் வெச்ச ஸ்டூவர்ட் கிரேமர் பஞ்சாலை எஞ்சினியர். காத்து காய்ஞ்சா நூல் அறுந்துடுமே!

ஆக முதல்ல காகிதம், அடுத்து நூல், மனுசன் அப்புறம்தான். எங்க ஆபீஸ்லயும் ராத்திரி எங்களுக்கு ஏசி நின்னுடும், சர்வர் ரூமுக்கு நிக்காது.

"நூலு அறுந்தா மேஸ்திரி ஓடி வருவாரு. நாங்க இருமினா யாருல வந்தா?"

பதில் இல்லை. தாத்தா ரூம் பக்கம் காத்தை முழுசா திறந்து விட்டேன். இப்போ குளிருதுன்னு போர்வை கேட்கிறார் :-)