கரிக்கு முந்திய காவல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றை எழுதுவோர் 1950 மே 9-இல் தொடங்குவர். நாமும் அவ்வாறே தொடங்குவோம். அன்றுதான் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் இராபர்ட் சூமான், பிரான்சும் ஜெர்மனியும் எடுக்கும் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது ஆணையத்தின்கீழ் வைக்க அழைத்தார். போருக்கு ஆயுதம் வார்த்தவை அவையே அல்லவா! 1951-இல் ஆறு நாடுகள் பாரிசில் ஒப்பமிட்டன. வேலையிழக்கும் தொழிலாளர்க்கு மறுபயிற்சியும் உதவித்தொகையும் அவ்வுடன்படிக்கையில் இருந்தன. இதை நாம் மெச்சவே வேண்டும். ஆயினும் சுரங்கப் பாதுகாப்பை அந்தந்த அரசே தன் கையில் வைத்துக்கொண்டது.

1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் மாண்டனர். அவருள் 136 பேர் இத்தாலியர். ஆளை அனுப்பிக் கரியைப் பெறுவதென 1946-இல் இத்தாலி செய்துகொண்ட ஏற்பாடே அவர் நாட்டவரை அங்கே கொண்டுசேர்த்தது. சுரங்கப் பாதுகாப்புக்கென ஆறு நாடுகளும் கூடிக் குழு அமைத்தது 1957-இல்தான்.