அரைக் காசின் கதை

சரித்திரம் என்றால் நமக்கெல்லாம் யுத்தங்களும் முடிசூட்டு விழாக்களுந்தான் நினைவுக்கு வருகின்றன. கோழிச் சாற்றுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற மார்கழியில் கூடலூரில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் ஒரு ராத்திரி உட்காரும் வரையில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூடலூர் என்றதும் நீலகிரிக்குப் போய்விடாதீர்கள். இது கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கும் கூடலூர். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி. அதற்கு அப்பால் கேரளம். விடியுமுன்னே ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். பொழுது சாய்ந்ததும் இறங்கிவரும். பள்ளத்தாக்கின் உடல் இந்தப் பக்கமும் கூலி அந்தப் பக்கமுமாக எத்தனையோ தலைமுறைகள் கழிந்துவிட்டன.

“அண்ணே, உங்களுக்கு வயிறு சரியில்லேன்னு காரம் போடல. விடைக்கோழியைச் சாறு வச்சிருக்கேன். குழைவாச் சோறும் சாறும், அவ்வளவுதான்” என்றாள் தங்கை.

அவள் சமையலில் ஆடம்பரம் கிடையாது. இளங்கோழியை எலும்போடு சிறு துண்டுகளாக நறுக்கி, மஞ்சள் தடவி, மண்சட்டியில் தண்ணீரோடு ஏற்றிவிடுவாள். கொதியில் மேலே வரும் நுரையைப் பொறுமையாக எடுத்துப் போடுவாள். பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, ஒரே ஓர் ஏலக்காய். கறி வெந்தபின் மிளகையும் சீரகத்தையும் அப்போதே இடித்துத் தூவி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவாள். தேங்காய் இல்லை; எண்ணெய் ஒரு கரண்டி, தாளிப்புக்கு மட்டும். மிளகை முன்கூட்டியே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும், கடைசியில் போட்டால்தான் சாற்றில் நிற்கும் என்பது அவள் சித்தாந்தம்.

சட்டி கொதித்துக்கொண்டிருக்கையில் அவள் மகன் கைப்பேசியும் கையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, பத்தாயிரம் போட்டாப் போதுமாம். பத்து லட்சத்துக்கு டாலர் வாங்கி விக்கலாமாம். நம்ம ஊர்லயே ரெண்டு பேரு பண்றாங்க” என்று மெல்லிய குரலில் சொன்னான்.

“பத்தாயிரம் ஏது மாப்ளே?”

அவன் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தான். ஏலக்காய் விற்ற பணத்தில் உரத்துக்கென்று எடுத்து வைத்தது முப்பதாயிரம். அம்மாவுக்குத் தெரியாது. முதலில் பத்து, பிறகு மற்றது.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு உபதேசம் செய்து ஜெயித்த மாமன் உலகத்தில் எவனும் இல்லை. ஆகவே நான் ஒரு கணக்குப் போடச் சொன்னேன்.

இன்று குமுளியில் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே ரூபாய்தான். ஆனால் 1949 வரையில் அப்படி இல்லை. மலைக்கு அப்பால் திருவாங்கூர் சமஸ்தானம். அதற்குச் சொந்த நாணயம் உண்டு. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயும் அங்கே செல்லும். ஆனால் அதன் மதிப்பு 28 சக்கரமும் 8 காசும். இரண்டுக்கும் வித்தியாசம் அரைச் சக்கரம். நூறு சர்க்கார் ரூபாயைப் பிரிட்டிஷ் ரூபாயாக்கினால் 98 ரூபாயும் 7 சக்கரமுமே தேறும்.

பழைய வெள்ளிச் சக்கரம் மிளகைவிடச் சற்றுப் பெரியதுதான். விரலிடுக்கில் நழுவும். அதை எண்ணுவதற்கென்றே வரிசை வரிசையாகத் துளை போட்ட மரப்பலகை இருந்தது. ஒரு பிடி சக்கரத்தை அதன்மேல் கொட்டிக் குலுக்கினால் துளைக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சியதை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். எவ்வளவு அழகான யுக்தி!

தொல்லை வேறோர் இடத்தில் இருந்தது. பள்ளத்தாக்கின் சந்தைக் கணக்கு அணாவில். பதினாறு அணா ஒரு ரூபாய். அப்படியானால் ஓர் அணாவுக்கு எத்தனை காசு?

மருமகன் கைப்பேசியிலேயே வகுத்துப் பார்த்தான். “இருபத்தெட்டரை” என்றான்.

அந்த அரைதான் கதை. இருபதாம் நூற்றாண்டில் திருவாங்கூர் அடித்த செப்பு நாணயங்களில் மிகச் சிறியது ஒரு காசு. அரைக் காசு யாரிடமும் இல்லை. ஆகவே ஓர் அணாவைச் சரியாக மாற்றிக் கொடுக்க யாராலும் முடியாது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

சந்தையில் ஒரு கோழி எட்டணா என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டணாவுக்குச் சரியான விலை 14 சக்கரம் 4 காசு. வியாபாரி, “சில்லறைக்கு எங்கே போவேன்? பதினைந்து சக்கரமாகக் கொடு” என்று சொன்னால், கூலிக்காரியிடமிருந்து 12 காசு கூடுதலாகப் போய்விடும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல்! இதுவே நாணய மாற்றின் பாலபாடம். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று; நடுவிலிருக்கும் வித்தியாசம் பலகை வைத்திருப்பவருக்கு. நாணயம் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை.

“அது போகட்டும், ரூபாயாவது நிலையாக இருந்ததா?” என்று கேட்டேன்.

1886 அக்டோபர் 29ஆம் தேதி பெரியாற்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எண்ணாயிரம் ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். கெடு 999 வருஷம். கர்னல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்து, 1895இல் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. என் தங்கை வடித்த சோறு அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். 999 வருஷத்துக்கு ஒரே வாடகை என்று எழுதிய மகானுபாவர்கள் ரூபாயின்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்! ஆனால் அணைக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் உலகச் சந்தையில் வெள்ளி சரிந்தது. வெள்ளி ரூபாயும் கூடவே சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங்காக இருந்த ரூபாய் தேய்ந்துகொண்டே போனதால், 1893இல் பொதுஜனங்கள் வெள்ளி கொண்டுவந்து நாணயம் அடித்துக்கொள்ளும் வழக்கத்தைச் சர்க்கார் நிறுத்திவிட்டார்கள். பின்னால் ரூபாயை ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸில் கட்டி நிறுத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் கதை ஓயவில்லை. 1949இல் டாலருக்கு 3 ரூபாய் 30 காசுக்குச் சற்று மேலாக இருந்தது 4.76 ஆயிற்று, 1966 ஜூன் 6ஆம் தேதி ஒரே நாளில் 7.50 ஆயிற்று. 1970இல் பெரியாற்று வாடகையையும் ஏக்கருக்கு 30 ரூபாயாகத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. சாம்ராஜ்யமே முத்திரை போட்ட கணக்கு நூறு வருஷங்கூடத் தாங்கவில்லை என்றால், கைப்பேசி சொல்லும் கணக்கு எத்தனை நாள் தாங்கும்?

“உன் பத்தாயிரத்தை நூறு மடங்காக்கிப் பத்து லட்சத்துக்கு விளையாடவிடுகிறார்கள். டாலர் நூற்றில் ஒரு பங்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும்?”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பத்தாயிரமும் போயிரும்” என்றான்.

நம் நாட்டில் அன்னிய நாணய வியாபாரத்துக்குச் சட்டம் உண்டு. அங்கீகாரம் பெற்ற சந்தைகளும் உண்டு. அங்கீகாரம் இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. அதைத் தேடிப் பார் என்றேன். பார்த்தான். முகம் சற்று மாறியது. அதில் அவன் கண்டது என்ன என்று நான் கேட்கவில்லை.

“ஒன்று சொல்லட்டுமா மாப்ளே? நீ ஏற்கெனவே டாலர் வியாபாரிதான். போடிநாயக்கனூரிலும் மலைமேல் புற்றடியிலும் ஏலத்தை ஏலம் விடுகிறார்களே, அந்தக் காயில் ஒரு பங்கு அரபு நாட்டுக்குக் கப்பலேறுகிறது. சவூதி ரியால் 1986 முதல் டாலரோடு முடிச்சுப் போட்டது. குவாத்தமாலாக்காரன் உனக்குப் போட்டி. டாலர் ஏறினால் உன் காய்க்குக் கொஞ்சம் பலம், இறங்கினால் கொஞ்சம் பலவீனம். அந்த ஏற்ற இறக்கத்தை உன் அம்மா வருஷா வருஷம் தாங்குகிறாள். அதற்கு மேல் இன்னொன்றா?”

அதற்குள் அவள் சட்டியை இறக்கிவிட்டாள். மூவரும் உட்கார்ந்தோம். சாற்றில் மலைமேல் விளைந்த மிளகு மணத்தது. அந்தச் சோறு வயிற்றில் இறங்கியதே தெரியவில்லை, அவ்வளவு லேசு.

கை கழுவும்போது அவன் கேட்டான்: “அந்த அரைக் காசு எல்லாம் சேர்ந்து எங்க போச்சு மாமா?”

“பலகை யார் கையிலிருந்ததோ, அவர் வீட்டுக்கு” என்றேன்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை தொலைபேசியில் பேசினாள். உரம் வந்துவிட்டதாம். “ஆனா இருபதாயிரத்துக்குத்தான் வாங்கிருக்கான் அண்ணே. மிச்சம் எங்கடான்னு கேட்டாப் பதில் சொல்ல மாட்டேங்கறான்” என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.