தொனாத்தியப் பிணக்கு

தொனாத்தியப் பிணக்கு என்பது, தவறிழைத்த குருவின் திருப்பணி செல்லுமா என்ற கேள்வியை முன்வைத்து, கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையைப் பிளந்த சச்சரவாகும். பேரரசர் தியோக்கிளேசியன் 303-இல் தொடங்கிய துன்புறுத்தலின்போது மறைநூல்களை அதிகாரிகளிடம் கையளித்த குருக்கள் 'கையளித்தோர்' எனப் பழிக்கப்பட்டனர். இலத்தீனில் இச்சொல்லே பின்னர் துரோகியைக் குறிக்கும் சொற்களுக்கு வேராயிற்று. கார்த்தேஜின் ஆயராகச் செசிலியான் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அச்சடங்கை நிறைவேற்றிய அப்துங்கா ஆயர் பெலிக்ஸ் அத்தகையவர் என்று குற்றஞ்சாட்டிய எதிரணியினர், மயோரினுசையும் அவருக்குப்பின் தொனாத்துசையும் ஆயராக ஏற்றனர். விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் என்றே தெரியவந்தது. ஆயினும் பிளவு ஆறவில்லை.

குரு கறைபட்டவராயின் அவர் அளிக்கும் திருமுழுக்கும் பயனற்றது எனத் தொனாத்துசின் அணியினரான தொனாத்தியர் கருதினர். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் இதை மறுத்து, திருவருட்சாதனங்கள், அதாவது இறையருளை வழங்கும் திருச்சடங்குகள், கிறிஸ்துவுக்கே உரியவை என்றும், குரு அவற்றின் கருவி மட்டுமே என்றும் வாதிட்டார். தம் இளமைக்காலப் பிழைகளை 'அறிக்கைகள்' என்னும் நூலில் மறைக்காமல் எழுதியவர் இவ்வாறு வாதிட்டது பொருத்தமே. எனினும், 411-இல் கார்த்தேஜில் நடந்த மாநாட்டில் தொனாத்தியருக்கு எதிராகத் தீர்ப்பான பின்னர், அவர்களை அரசு ஒடுக்கியதை அவர் ஆதரித்தது, மன்னிப்பை வலியுறுத்திய அவரது இறையியலோடு எளிதில் ஒட்டாதது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளுள் 26-ஆவது அகுஸ்தீனின் நிலைப்பாட்டையே ஏற்று, தீய ஊழியர்களை விசாரித்து நீக்கவேண்டும் என்பதையும் சேர்த்துரைக்கிறது.