வானம் பார்த்த நூறு மீட்டர்

1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் நகரின் கிழக்கு ஓரத்தில், துரெல் பகுதியில் புதிதாகக் கட்டப்பட்ட திறந்தவெளிக் குளத்தில் நடைபெற்ற 100 மீட்டர் மல்லாந்த நீச்சல், ஒலிம்பிக் போட்டிகளில் அம்முறையில் பெண்களுக்கென நடத்தப்பட்ட முதல் பந்தயமாகும். ஆண்கள் இதே பாரிஸில் 1900ஆம் ஆண்டிலேயே, குளம் எதுவுமின்றி சேன் ஆற்றிலேயே, மல்லாந்து நீந்திப் போட்டியிட்டிருந்தனர். இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளின் தாமதத்துக்குக் காரணம் நீச்சல் முறை அன்று. பெண்கள் பொதுவெளியில் போட்டியிடுவதையே நவீன ஒலிம்பிக்கை நிறுவிய கூபெர்த்தேன் விரும்பவில்லை என்பதும், 1912இல் ஸ்டாக்ஹோமில் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் அனுமதிக்கப்பட்டபோதும் அமெரிக்கா தன் பெண்களை அனுப்பவில்லை என்பதும் அத்தாமதத்தை விளக்கப் போதுமானவை. அமெரிக்க அமெச்சூர் தடகள ஒன்றியம் நீச்சல் வீராங்கனைகளைப் பதிவுசெய்யத் தொடங்கியது 1914இல்தான். அதன்பின் ஆறே ஆண்டுகளில், ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நடத்தப்பட்ட மூன்று நீச்சல் போட்டிகளின் தங்கமும் அமெரிக்காவுக்கே சென்றது. பாரிஸில் மல்லாந்த நீச்சலும் மார்பு நீச்சலும் புதிதாகச் சேர்க்கப்பட, பெண்களுக்கான போட்டிகள் ஐந்தாயின.

பேக்ஸ்ட்ரோக் என்று இன்று எல்லோராலும் அழைக்கப்படும் மல்லாந்த நீச்சல், தொடக்கத்தில் மார்பு நீச்சலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போன்றதுதான். முதுகு நீரில் படிய, இரு கைகளையும் ஒருசேரத் தலைக்கு மேல் வீசி இழுத்து, கால்களைத் தவளையைப் போல் மடக்கி உதைப்பது அதன் பழைய வடிவம். சிகாகோவைச் சேர்ந்த ஹாரி ஹெப்னர் 1912இல் கைகளை மாற்றி மாற்றிச் சுழற்றியும் கால்களை மேலும் கீழுமாக விடாது அடித்தும் நீந்தியபோது, அது முறையான மல்லாந்த நீச்சல்தானா என்று ஆட்சேபம் எழுந்தது. ஆயினும் தங்கம் அவருக்கே நிலைத்தது, பழைய முறையும் பந்தயங்களிலிருந்து மெல்ல விடைபெற்றது. மேலேயிருந்து குதிக்காமல், நீரிலேயே இருந்து குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, பாதங்களால் சுவரை உதைத்துப் புறப்பட வேண்டியது இதன் தனித்தன்மை. துரெல் குளம் 50 மீட்டர் நீளமுடையது. ஆகவே 100 மீட்டருக்கு ஒரே ஒரு திருப்பம்தான், ஆனால் அத்திருப்பத்தில் சுவரைக் கையால் தொட்டாக வேண்டும் என்பது அன்றைய விதி. தொடுவதற்குரிய சுவரோ நீந்துபவரின் கண்ணுக்குத் தெரியாது. தடங்கள் பிரித்துக் குறிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் குளம் என்று துரெல் போற்றப்படுவதுண்டு. வானத்தைப் பார்த்தபடி நீந்துபவருக்குத் தரைக்கோடுகளால் என்ன பயன் என்பது வேறு கேள்வி.

ஹெப்னரின் ஊரான சிகாகோவிலிருந்தே வந்தவர் சிபில் பாவர். 1903இல் பிறந்து, இல்லினாய் மகளிர் தடகளக் கழகத்துக்காக நீந்திய அவர், பாரிஸுக்குப் புறப்படும்போதே இம்முறையில் நிகரற்றவராகக் கருதப்பட்டார். இறுதிப் போட்டி அக்கருத்தை மெய்ப்பித்தது. பாவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 23.2 விநாடி, இரண்டாவதாக வந்த, பதினாறே வயதான பிரிட்டனின் ஃபிலிஸ் ஹார்டிங்குக்கு 1 நிமிடம் 27.4 விநாடி, மூன்றாவதாக வந்த அமெரிக்காவின் எய்லீன் ரிகினுக்கு 1 நிமிடம் 28.2 விநாடி. இந்நேரங்கள் அனைத்தும் ஐந்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் அமைந்திருப்பது, அவை கையால் இயக்கும் நிறுத்துக்கடிகாரத்தால் அளக்கப்பட்டதைக் காட்டும். முதலிருவருக்கும் இடையிலான 4.2 விநாடியைத் தூரமாக மாற்றினால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரும். உண்மையான பந்தயம் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையில்தான் நடந்தது எனலாம். அதே விழாவில் ஸ்பிரிங்போர்டு டைவிங்கில் வெள்ளி வென்றிருந்த ரிகின், இவ்வெண்கலத்தால் ஒரே ஒலிம்பிக்கில் நீச்சல், டைவிங் இரண்டிலும் பதக்கம் பெற்ற முதல் பெண்ணானார்.

பாவரைப் பற்றிய பேச்சு எப்போதும் பாரிஸைவிட பெர்முடாவையே சுற்றி வருகிறது. 1922இல் அத்தீவில் நடந்த ஒரு போட்டியில் 440 கெஜ மல்லாந்த நீச்சலை அவர் 6 நிமிடம் 24.8 விநாடியில் முடித்தார். அது ஹவாயின் ஸ்டபி க்ரூகர் வைத்திருந்த ஆண்கள் உலகச் சாதனையைவிடச் சில விநாடிகள் குறைவானது. போட்டிக்கு முறையான அங்கீகாரம் இல்லையென்பதால் அந்நேரம் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. பெண் ஒருத்தி ஆண்களின் சாதனையை முறியடித்தாள் என்ற இச்செய்தி அன்று முதல் மிகையாகவே சொல்லப்பட்டு வருகிறது. பாரிஸில் ஆண்கள் 100 மீட்டரை வென்ற வாரன் கீலோஹாவின் நேரம் 1 நிமிடம் 13.2 விநாடி, அதாவது பாவரைவிடச் சரியாகப் பத்து விநாடி குறைவு; குறுந்தூரத்தில் இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்தது. 440 கெஜ மல்லாந்த நீச்சலோ ஒலிம்பிக்கில் இடம்பெறாத போட்டி. முதல்தர ஆண் வீரர்கள் தம் முழு உழைப்பையும் அதில் செலுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆயினும் செய்தியின் மறுபக்கம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 400 மீட்டருக்குச் சற்றே மிகுந்த அத்தூரத்தை, தளராமல் ஒரே சீராக நீந்தும் ஆற்றல் பாவருக்கு இருந்தது. ஒலிம்பிக்கோ அவரிடம் கேட்டது 100 மீட்டரை மட்டுமே.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்ற பாவர், பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்ற எட் சல்லிவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நிலையில், 1927 ஜனவரி 31 அன்று புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவர் விட்டுச்சென்ற இடத்தை நெதர்லாந்தின் மாரி பிரவுன் நிரப்பினார். தன் தாயிடமே பயிற்சி பெற்ற அவர் இறுதிப் போட்டியை வென்ற நேரம் 1 நிமிடம் 22 விநாடி. ஸ்காட்லாந்தின் எலன் கிங் 0.2 விநாடி பின்தங்கி வெள்ளி பெற்றார் என்பதிலிருந்து, நான்கே ஆண்டுகளில் இப்போட்டி ஒருவர் மட்டும் முந்திச் செல்லும் நிலையிலிருந்து மாறிவிட்டதை உணரலாம். பாரிஸில் ஐந்து மீட்டர் பின்தங்கிய ஹார்டிங் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் மீண்டும் நீந்தினார். நான்கு ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற முதல் நீச்சல் வீராங்கனை அவரே. பெண்களுக்கு 100 மீட்டரைக் கடந்த மல்லாந்த நீச்சல் ஒலிம்பிக்கில் வர 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் சேர்க்கப்பட்டது 200 மீட்டர்தான், பாவர் பெர்முடாவில் நீந்தியதில் பாதிகூட இல்லை.