எழுத்துத் தடை

எழுதும் விருப்பமும் அவகாசமும் வாய்த்திருந்தும் கதாசிரியன் ஒருவன் எழுத மாட்டாமல் சில நாட்களோ பல வருஷங்களோ தவிக்கும் நிலை எழுத்துத் தடை எனப்படும். சோம்பலினின்றும் இது வேறானது. சோம்பேறி மேசையை அணுகுவதில்லை, தடையுற்றவனோ மேசையை விட்டு எழுவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு இன்று வழங்கும் பெயரை 1947-இல் இட்டவராகக் கருதப்படுபவர், வியன்னாவினின்று நியூயார்க்கில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர்.

இவ்வவஸ்தையைத் தம் கைப்பட விவரித்தவர்களுள் ஆங்கில நாவலாசிரியை மேரி ஷெல்லி குறிப்பிடத்தக்கவர். 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததன் பயனாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற்போக, ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் பிரபு வாடகைக்கு அமர்த்தியிருந்த மாளிகையில் மழையால் அடைபட்ட நண்பர்கள் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுதுபோக்கினர். அவற்றைப்போல் ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் யோசனை கூறினார். பதினெட்டு வயதினரான மேரிக்கோ ஒன்றும் தோன்றவில்லை. காலைதோறும் கதை அகப்பட்டதா என்று பிறர் வினவ, இல்லையென்று சொல்லி நாணுவதே அவர் வழக்கமாயிற்று. பின்னர் ஓர் இரவு, உயிரின் மூலதத்துவத்தைக் குறித்தும், மின்சக்தியால் பிணத்தை எழுப்பக்கூடுமோ என்பதைக் குறித்தும் பைரனும் மேரியின் காதலரான கவிஞர் பெர்சி ஷெல்லியும் நெடுநேரம் சம்பாஷித்ததை மௌனமாகக் கேட்டிருந்து படுக்கச் சென்றவர், தான் சமைத்த உருவம் அசைவதைக் கண்டு நடுங்கும் மாணாக்கன் ஒருவனை அரைத்தூக்கத்தில் கண்டார். மறுநாள் அவர் எழுதியது கதையின் தொடக்கத்தையன்று, அந்தக் காட்சியையே. 1818-இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலின் பிற்பதிப்பில் அது ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறது.

கற்பனை சூனியத்தினின்று சிருஷ்டிப்பதன்று, முன்னமே கிடக்கும் பொருளுக்கு உருக்கொடுப்பதேயாம் என்று அந்நாவலின் 1831-ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் வாதிக்கிறார். உலகைத் தாங்க யானையை நிறுத்திய ஹிந்துக்கள் அந்த யானையையும் ஓர் ஆமையின்மேல் நிறுத்தினர் என்று நம் நாட்டுக் கதையையே இதற்குச் சான்றாக அவர் கொணர்வது நமக்குச் சுவையான செய்தி. ஆயினும் உடனிருந்த மருத்துவர் பொலிடோரி, தம்மைத் தவிர அனைவரும் கதையைத் தொடங்கிவிட்டனர் என்று ஜூன் 17-ஆம் தேதியே நாட்குறிப்பில் எழுதியிருப்பதால், மேரியின் வெட்க நாட்கள் அவர் நினைவில் நீண்டுபோயிருத்தல் கூடும். நாட்கணக்கு பிழைபடினும் தடைக்கு அவர் கண்ட காரணம், அதாவது உருக்கொடுக்கப் பொருள் இன்மை, பிழைபடவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

கெடுவின் நிர்ப்பந்தமே தடையை உடைக்கும் என்பார் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியைக் காட்டுவர். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவலைத் தராவிடில், பின்னர் எழுதுவனவற்றையெல்லாம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கிக்குச் சேரும் என்று ஒப்பந்தம் செய்திருந்த அவர், அக்டோபரில் அன்னா ஸ்நித்கினா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை அமர்த்தி, இருபத்தாறு நாட்களில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். ஆனால் சூதாட்ட மேசையில் அவர் இழந்த பணமும் மானமும் முன்பே சேமித்து வைத்திருந்த சரக்கு. கெடு அதனை வெளியே தள்ளியது, அவ்வளவே.

சரக்கிருந்தும் வாய் திறவாதவரும் உண்டு. ஜோ குல்ட் என்பவர் எழுதிவருவதாகப் பல்லாண்டு சொல்லித் திரிந்த மாபெரும் வரலாற்று நூல் உண்மையில் இல்லவேயில்லை என்று 1964-இல் ‘நியூ யார்க்கர்’ பத்திரிகையில் எழுதிய அதன் கட்டுரையாளர் ஜோசப் மிட்செல், அதன்பின் 1996-இல் இறக்கும்வரை காரியாலயத்துக்குச் சென்றுகொண்டேயிருந்தும், அப்பத்திரிகையில் புதிய கட்டுரை ஒன்றேனும் வெளியிடவில்லை.